மரமில்லா மலைமேல் யானைகள்: வேலூரின் கோடை மேகங்கள்

வேலூரைக் கேலி செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்வார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கம் மறுபடியும் வைக்கப்பட்டதோடு கோயில் அந்தப் பட்டியலிலிருந்து கழன்றுகொண்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது ஆறும் கொஞ்ச காலம் தப்பித்தது. ஆனால் சித்திரை, வைகாசியில் வந்து இறங்குகிறவருக்கு ஆறு மணலாகவும் மலை மொட்டைப் பாறையாகவும்தான் தெரியும். அந்த மணலும் பாறையும் இல்லாவிட்டால் கோடைப் பிற்பகலில் ஊருக்கு மேலே யானையும் ஆமையும் ஆட்டுக்கிடாவும் கிளம்பாது. கேலி செய்தவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மேகத்தில் உருவம் பார்ப்பதைப் பொழுதுபோகாதவர் வேலை என்று நினைக்கிறோம். எந்த மேகத்தில் என்ன உருவம் தெரிகிறது என்பதற்குத் தரையிலும் காற்றிலும் காரணம் இருக்கிறது. அதைச் சாமி முகமாகவோ லாரியாகவோ படிக்கும் நம் மூளையிலும் காரணம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மொட்டை மாடியில் வடாம் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளை சொல்வதில் பாதி வானிலைத் தகவல் என்று புரியும்.

முதலில் தரை. வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. தரை சூடாகி, தன்மேல் படிந்திருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. ஈரமான நிலம் தன் வெப்பத்தில் பெரும்பங்கை நீரை ஆவியாக்கச் செலவிட்டுவிடும். கரும்புத் தோட்டத்துக்குள் கால் வைத்தால் தெரியும் குளுமை அதுதான். காய்ந்த ஆற்று மணலுக்கும் கருங்கல் பாறைக்கும் அந்தச் செலவு கிடையாது; வாங்கிய வெயிலில் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கவே போகிறது. வேலூரைச் சுற்றி இந்த இரண்டு வகை நிலமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு பக்கம் மணல், கரையில் தென்னந்தோப்பு, கிணற்றுப் பாசன வயல், அதையடுத்து சட்டென்று எழும் பாறைக் குன்று. ஒரே வெயிலில் இவை வேறு வேறு வேகத்தில் சூடேறுவதால், சூடு கூடிய இடத்துக் காற்று இலேசாகி, திட்டுத் திட்டாக மேலே கிளம்புகிறது. பருந்துகள் இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு உயர ஏறுவது இந்தக் காற்றுத் தூண்களில்தான்.

மலைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. காலையில் கிழக்கு பார்த்த சரிவில் வெயில் நேராக விழுவதால் அது சமவெளிக்கு முன்பே சூடாகிவிடும். சரிவோடு காற்று ஏறி உச்சியில் ஒன்றுசேரும். அதனால் அன்றைக்கு மேகம் போடுகிற நாளாக இருந்தால் முதல் வெள்ளைப் பொட்டு பெரும்பாலும் ஜவ்வாது மலைப் பக்கம்தான் தெரியும். ஊருக்கு மேலே வர இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்.

மேலே போகிற காற்று விரிந்து குளிர்கிறது, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ அதைப் பனிப்புள்ளி என்பார்கள். தரை வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளியில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்று கணக்குப் போட்டால் மேகத்தின் அடிப்பக்கம் எந்த உயரத்தில் இருக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அக்னி நட்சத்திரத்தில் ஒரு பிற்பகல் வேலூரில் 40 டிகிரி, பனிப்புள்ளி 20 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 20, அடி 2,500 மீட்டரில். வேலூரே கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதையும் கூட்டினால், அந்த மேகத்தின் அடி தொட்டபெட்டாவின் உச்சியை (2,637 மீட்டர்) விட உயரம். அதே நேரம் கடல் காற்று நுழைந்துவிட்ட சென்னையில் 35 டிகிரியும் பனிப்புள்ளி 26ம் இருந்தால் அடி 1,100 மீட்டர்தான்.

உருவம் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. தாழ்ந்த மேகம் தலைக்கு மேல் கூரையாக விரிந்துவிடும். முழு உடம்பும் கண்ணில் அடங்காது. உயரத்தில் இருக்கும் மேகம் தலையிலிருந்து வால்வரை ஒரே பார்வையில் அகப்படும். தவிர, சுற்றியுள்ள காற்று வறண்டிருப்பதால் மேகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுவில் நீலம் விட்டு, தனித்தனியாக நிற்கும். ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். கடற்கரையின் ஈரக் காற்றில் வரும் மங்கல் இங்கே குறைவு. இந்த ஒரு விஷயத்தில் சென்னைக்காரர்களிடம் நாம் கொஞ்சம் அலட்டிக்கொள்ளலாம்.

ஆனால் வறட்சி ஓர் அளவோடு இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் பல நாள் காற்றில் ஈரமே இல்லாமல், வானம் வெளுத்துப்போய், ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லாமல் கிடக்கும். நல்ல காட்சி கிடைப்பது ஒரு கோடை மழை பெய்த மறுநாள். மண்ணில் இருக்கும் ஈரம் காலை வெயிலில் ஆவியாகி மேலே போக, பதினோரு மணி வாக்கில் மேகம் முளைக்கத் தொடங்கும்.

ஏன் எப்போது பார்த்தாலும் யானை? பிள்ளைகளிடம் கேட்டால் முதலில் வருவது யானை, அடுத்து ஆமை, ஆடு, நந்தி. பாம்போ மானோ அபூர்வம். ஒரே இடத்திலிருந்து கிளம்பிய காற்றெல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் துளி கட்டுகிறது என்பதால் இந்தத் திரள் மேகங்களின் அடி கோடு போட்டது போல் தட்டையாக இருக்கும். மேல்பக்கம், கிளம்பிவரும் ஒவ்வொரு காற்றுக் குமிழியும் ஒரு புடைப்பாகத் துருத்தி, காலிஃபிளவர் மாதிரி உருண்டு நிற்கும். தட்டையான வயிறு, வளைந்த முதுகு: நாலுகால் பிராணிக்கு வேண்டியது அவ்வளவுதான். மேலே போகப் போகக் காற்றின் வேகம் கூடினால் மேகத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து துதிக்கையோ ஒட்டகக் கழுத்தோ முளைக்கும். மிக உயரத்தில் பனித்துகள்களால் ஆன கீற்று மேகங்களில் யானை வராது. இறகும் குதிரை வாலும்தான் வரும். நடு உயரத்தில் சிறு சிறு திட்டுகளாகப் பரவும் மேகத்தில் மீன் செதில் வரும். 1802இல் லண்டன் மருந்து வணிகர் லூக் ஹோவர்டு மேகங்களுக்கு முதன்முதலாக ஒழுங்கான வகைப்பாடு சொன்னபோது அவரும் குவியல், கீற்று, படலம் என்று வடிவத்தை வைத்துத்தான் பிரித்தார். இன்றைய உலக வானிலை அமைப்பின் 10 வகைகளும் அந்த வழி வந்தவையே.

அப்புறம் எடை. ஒரு கிலோமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள சாதாரணத் திரள் மேகத்தில் கன மீட்டருக்கு அரை கிராம் நீர் என்று கொண்டால் மொத்தம் 500 டன் வருகிறது. நிஜ யானையே நூறு நிற்க வேண்டும் அதற்கு ஈடாக. அது விழாமல் நிற்பதற்குக் காரணம் துளிகளின் சிறுமை. ஒரு துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர், அது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் இறங்கும். கீழிருந்து காற்று அதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.

சிறிய மேகத்தின் ஆயுள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓரத்தில் வறண்ட காற்று கலந்து துளிகளை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். மேகத்தின் நிழல் விழுந்த தரை குளிர்வதால் கீழிருந்து வரும் சூட்டுக் காற்றும் தளர்ந்துபோகும். தன் நிழலாலேயே தன் ஊட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் பிராணி இது. யானை என்று கைகாட்டி, பக்கத்திலிருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அது எலியாகிவிடுவது இதனால்தான்.

எங்கே, எப்போது பார்ப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நேர் உச்சியில் இருக்கும் மேகத்தின் அடிவயிறு மட்டும்தான் நமக்குத் தெரியும். அதில் ஓரம் தவிர ஒன்றும் கிடைக்காது. அடிவானத்தில் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒட்டிக்கிடக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் மேகம் பக்கவாட்டில், முழு உருவமாகத் தெரியும். ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகலில் வேலூருக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. மே மாதம் முழுக்கவும் நண்பகல் வெளிச்சம் கிட்டத்தட்ட நேர் மேலிருந்துதான். அந்த நேரத்தில் மேகத்தில் மேடு பள்ளம் தெரியாது, வெள்ளை மட்டும்தான். நாலு, நாலரை மணிக்கு வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து வரும்போது தெற்கே ஜவ்வாது மலைப் பக்கம் நிற்கும் மேகங்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில் இருக்கும். புடைப்புகள் ஒளிர, பள்ளங்களில் சாம்பல் நிழல் தேங்கும். விலங்குகள் போய் முகங்கள் வரத் தொடங்குவது அப்போதுதான்.

முகத்துக்கு அதிகம் வேண்டாம். இரண்டு கருப்புக் குழி, கீழே ஒன்று. மூளை மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். இதற்குப் பாரெய்டோலியா என்று பெயர். நம் மூளையில் முகங்களுக்கென்றே முனைப்பாக வேலை செய்யும் ஒரு பகுதி உண்டு என்பதை 1997இல் நான்சி கான்விஷரும் அவர் குழுவினரும் மூளைப் படங்களின் மூலம் காட்டினார்கள். 2009இல் வந்த ஓர் ஆய்வு, முகம் போலத் தோன்றும் வெறும் பொருளைப் பார்க்கும்போதும் அந்தப் பகுதி 165 மில்லி வினாடிக்குள், அதாவது வினாடியில் ஆறில் ஒரு பங்கில், விழித்துக்கொள்கிறது என்றது. யோசித்து முடிவெடுக்க அந்த நேரம் போதாது. ஆகவே முகம் "கற்பனை செய்யப்படுவது" என்று சொல்வதே கொஞ்சம் தவறு. முதலில் முகம் தெரிந்துவிடுகிறது, அது மேகம்தான் என்பது பிறகுதான் உறைக்கிறது. ரீசஸ் குரங்குகளுக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 2022இல் வெளியான இன்னோர் ஆய்வில், பொருட்களில் தெரியும் போலி முகங்களைப் பெரும்பாலோர் ஆண் முகங்களாகவே பார்த்தார்கள் என்று தெரியவந்தது. நம்மூர் மேகங்களில் மீசைக்காரர் தலைகளே அதிகம் தென்படுவதற்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது.

இந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று கேட்டால், புதரில் புலி இல்லாதபோது இருப்பதாக நினைத்தவன் பிழைத்தான், இருந்தபோது கவனிக்காதவன் செத்தான் என்ற கதையைச் சொல்வார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் எதையும் இப்படி ஒரு புலியைக் கொண்டுவந்து விளக்கிவிடலாம் என்பதால் நான் அதை அதிகம் நம்புவதில்லை. வெளிச்சத்தின் பங்கு அதைவிட உறுதியானது. 1976 ஜூலை 25 அன்று வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் எடுத்த ஒரு படத்தில் மனித முகம் தெரிந்தது, உலகமே பேசியது. சாய்ந்த வெயிலில் ஒரு மேட்டு நிலத்தில் விழுந்த நிழல் அது. 2001இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் இன்னும் துல்லியமாகப் படமெடுத்தபோது முகம் போய் வெறும் பாறை மேடு தெரிந்தது. நாலரை மணி வெயில் ஜவ்வாது மலை மேகத்துக்குச் செய்வதும் இதே வேலைதான்.

ஒரு மேகத்தில் உங்களுக்கு யாளி தெரிந்து, வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரருக்கு டிராகன் தெரிந்தால், இருவர் கண்ணும் சரியாகத்தான் இருக்கின்றன. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூணுக்குத் தூண் பாய்ந்து நிற்கும் யாளிகளைப் பார்த்து வளர்ந்தவர் மனதில் இருக்கும் இருப்பு வேறு. நிலாவோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். நிலாவின் கறை மாறுவதில்லை. பூமிக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. ஆகவே அதில் இருப்பது முயலா, வடை சுடும் பாட்டியா என்பதை நமக்கு முன்னோர் முடிவு செய்து கையில் கொடுத்துவிட்டார்கள். மேகத்துக்கு அப்படி மரபுச் சொத்து எதுவும் சேர வழியில்லை, பத்து நிமிடத்தில் கலைந்துவிடுகிறதே. ஒவ்வொருவரும் புதிதாகப் பார்க்க வேண்டும், அல்லது பக்கத்திலிருப்பவர் சொல்லிக் கேட்க வேண்டும். "அதோ பார்டா, நந்தி" என்று அண்ணன் சொல்லிவிட்டால் தம்பிக்கு அதற்குப் பிறகு நந்தியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மூளை எதிர்பார்த்ததைத்தான் தேடிப் பிடிக்கிறது. வானத்தில் சாமி தெரிந்தது என்று ஊர் திரண்டு நிற்பதும் பெரும்பாலும் இப்படி ஒருவர் சொல்லில் தொடங்குவதுதான்.

மேகத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் உருவத்தை வேறு மாதிரி படிப்பார்கள். செங்கல் சூளையில் அறுத்துக் காயவைத்த பச்சைக்கல்மேல் தார்ப்பாய் போடலாமா வேண்டாமா என்று பிற்பகல் மூன்று மணிக்கு முடிவெடுத்தாக வேண்டும். களத்தில் மல்லாட்டை காய வைத்தவருக்கும் இதே கவலை. அவர்களுக்கு உதவும் அடையாளங்கள் எல்லாமே வடிவம் சார்ந்தவைதான். கழுத்து மெலிந்து, தலை தனியாகப் பிய்த்துக்கொண்டு போய்க் கரைகிறதா? மேலே வறண்ட காற்று இருக்கிறது, இன்றைக்கு மழைக்கு வாய்ப்பு குறைவு. அடி அகலமாக நின்று, தலைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, ஓரம் கூர்மையாக வளர்கிறதா? தார்ப்பாயை எடுக்கலாம். இன்னும் சீக்கிரமே தெரிய வேண்டுமானால் காலை வானத்தைப் பார்க்க வேண்டும். நடு உயரத்தில் வரிசையாக ஒரே அடிக்கோட்டின்மேல் சின்னச் சின்னக் கோபுரங்கள், நம் கோட்டை மதிலின் மேல்விளிம்பு போல, எழுந்து நின்றால் அந்த உயரத்தில் காற்று நிலைகுலைந்திருக்கிறது என்று பொருள். வானிலையாளர்கள் இதற்கும் கோட்டையின் பெயரையே வைத்து ஆல்டோகியூமுலஸ் காஸ்டெல்லானஸ் என்கிறார்கள். அன்று மாலை இடிமழைக்கு அது நல்ல அறிகுறி. தப்பவும் செய்யும்; ஆனால் காலை எட்டு மணிக்கு வெறுங்கண்ணால் கிடைக்கும் தகவலில் இதைவிடப் பயனுள்ளது குறைவு.

மேகத்தை வேண்டாம் என்று நினைப்பவர்களும் இதே மலைத்தொடரில் இருக்கிறார்கள். பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த, இப்போது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்ட காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு இயங்குகிறது. அங்கே ஒரு நல்ல யானை வானத்தில் ஏறினால் அன்றிரவு வேலை கெட்டது.

வளரும் மேகம் ஒரு கட்டத்தில் உருவம் காட்டுவதையே நிறுத்திவிடும். கோடையில் இங்கே 5 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுகிறது. அதற்கும் மேலே வெகுதூரம் போன மேகத்தின் உச்சி பனித்துகளாக மாறும்போது காலிஃபிளவர் ஓரம் மழுங்கி, வழவழப்பாகி, நார் நாராகப் பிரியும். கண், மூக்கு, துதிக்கை எல்லாம் அழிந்துபோய், 15 கிலோமீட்டர் அளவில் மேலே போக இடமில்லாமல் பக்கவாட்டில் பட்டறைக்கல்லாக விரியும். இது இடிமேகம். தொலைவிலிருந்து பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் மொட்டை மாடியை விட்டு இறங்க வேண்டிய நேரம் அதுதான். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவில் மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது வினாடிக்குள் சத்தம் வந்தால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துதான் வெளியே வருவது நல்லது. வயலில் இருப்பவர் பனைமரத்தடிக்கோ புளியமரத்தடிக்கோ ஓடக் கூடாது. மின்னல் எச்சரிக்கைக்கென்று புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி இருக்கிறது, கைப்பேசியில் போட்டுவைக்கலாம்.

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் காட்சி மாறுகிறது. வட ஆற்காட்டுக்கு இந்தப் பருவத்திலும் கணிசமான மழை உண்டு, பெரும்பாலும் சாயங்காலத்திலும் இரவிலும் இடியோடு. கீழே மேற்குக் காற்று வீசுவதால் ஆம்பூர், வேலூர் பக்கம் கட்டிய மேகம் ராணிப்பேட்டை, அரக்கோணம் வழியாகக் கிழக்கே நகரும். சில நாள் அது சென்னை வரைக்கும் போய்ப் பெய்யும். ஆனால் அதன் பட்டறைத் தலை மட்டும் மேற்கே நீளும். 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் இந்த மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெருங்காற்று ஓடுகிறது; கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலையாளர் 1958இல் அதை விவரித்தார். ஆகவே தலை நீளும் திசையை வைத்து மழை எங்கே போகிறது என்று கணித்தால் நேர் எதிராக முடியும். அடிப்பக்கத்தை ஒரு மின்கம்பத்தோடோ மலை விளிம்போடோ வைத்து ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், சரியான திசை தெரிந்துவிடும்.